ரோஸ் கலர் ரஸ்க்

இரண்டு மாதம் முன்னதாகவே பிரசவ வலி வந்து, லேவார்டன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள் நின்கே. வலியை நிறுத்தக் கொடுத்த மாத்திரையை விழுங்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“பிரஷர் மாத்திரையாமே வீபே, புள்ளைய ஏதாவது பண்ணிடுமா?” என்று கணவனைக் கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டர்தான் ஆயிரம் தடவ சொல்லிட்டாரே.”

நர்ஸ் கிரீட் வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். உதட்டோரம் ரோஸ் கலர் சோம்பு மிட்டாய் ஒன்று ஒட்டியிருந்தது. பெண் பிறந்தால், அந்த ஊர் வழக்கப்படி வெண்ணெய் தடவிய ரஸ்கில் தூவி எல்லோருக்கும் கொடுக்கிற மிட்டாய்.

“ரஸ்க் நல்லா இருந்துச்சும்மா. உம்பொண்ணுக்கு அப்படியே அப்பா மூக்கு.”

“எனக்கு இன்னும் பொறக்கவே இல்லையே.”

கிரீட் அவள் வயிற்றைப் பார்த்தாள். “அட, ஆமா,” என்றபடி போய்விட்டாள். அன்று அந்த வார்டில் பிரசவமே நடக்கவில்லை.

“மூக்கு வரைக்கும் ஒழுங்கா வந்திருக்குன்னா முழுங்கலாம்,” என்று சிரித்தபடி தண்ணீரை வாங்கினாள் நின்கே. வலி அடங்கியது.

இரண்டு மாதம் கழித்து அங்கேயே பெண் பிறந்தாள். அதே மூக்கு. வீபே புது ரஸ்க் பொட்டலத்தைப் பிரித்தான். நடுவில் ஒன்று இல்லை. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மிச்சத்தில் மிட்டாய் தூவி எல்லோருக்கும் நீட்டினான்.

கிரீட் மட்டும் எடுக்கவில்லை.

“எனக்கு எதுக்குப்பா? என் பங்கத்தான் அன்னைக்கே சாப்பிட்டுட்டேனே,” என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.