அடிப்பலகை

"உங்க தம்பி. பேசறதுன்னா பேசுங்க, இல்லன்னா எடுத்துக் கடல்ல போடுங்க" என்று தில்லையம்மாள் போனை லேத்தின் மேல் வைத்தாள்.

ஆதிமூலம் மோட்டாரை நிறுத்தினார். கையில் ஒட்டியிருந்த தூளை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அவசரப்படவில்லை.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்த ராஜவேல், குருசுக்குப்பத்துக் கடைசல் பட்டறையைப் பாதி வேலையில் விட்டுவிட்டுக் கடல் தாண்டி லியோனுக்குப் போனான். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று ஆதிமூலம் சொன்னார். கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்று அவன் சொன்னான். சொன்ன சொல் மாறாத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதாகத் தில்லையம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"கிண்ணம் வெடிச்சிடுச்சிண்ணா."

எடுத்த எடுப்பில் அதுதான். எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் இங்கே வந்துவிட்டுத் திரும்பிய அவன் மாமியாரிடம் ஆதிமூலம் கொடுத்தனுப்பிய கிண்ணம். தேக்கையும் பலாவையும் சின்னத் துண்டுகளாக அறுத்து, வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கிக் கடைந்தது. பழைய துண்டில் சுற்றித் தந்தார். தம்பிக்கு என்று மட்டும் சொன்னார்.

பக்கத்திலா, அடியிலா என்று கேட்டார்.

அடியில், நடுவாக, நீளமாக ஒரு கோடு என்றான்.

அந்தக் கோடு அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. ஈரக்காற்றில் உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். துண்டுகளை ஒட்டிய வளையம் அவ்வளவாக அசையாது. அடியில் இருக்கும் ஒற்றைப் பலகைதான் அசையும். அதை ஒட்டினால் ஒருநாள் பிளந்துவிடும். அதனால் வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் பள்ளமாகக் காடி எடுத்து, பசை வைக்காமல், மயிரிழை இடம் விட்டு அதில் பலகையை உட்கார வைப்பார்கள்.

அப்படி வைத்த கிண்ணத்தைக் காதோரம் வைத்து ஆட்டினால், டொக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு கிண்ணத்தையும் ஆட்டிப் பார்ப்பது ராஜவேலின் வேலையாக இருந்தது. பீச் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு அம்மா, ஆடுகிறதே என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் வண்டியில் அதை மறுபடி எடுத்துப் போனான். ஆடாத கிண்ணத்தைத்தான் பட்டறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவளிடம் சண்டை போட்டு வைத்துவிட்டு வந்தான்.

அவன் போன பிறகு தில்லையம்மாள் ஆட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு எல்லாக் கிண்ணமும் ஆடுகிறது.

ஆதிமூலம் போனை மறு காதுக்கு மாற்றினார். கூரைக்கு அந்தப் பக்கம் அலை வந்து போனது. பேசுங்க என்று தில்லையம்மாள் கதவோரம் நின்று கையை வீசிக் காட்டினாள்.

மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததை ஆதிமூலம் சொன்னார். அங்கே யாரிடமும் கொடுக்காதே. தபாலில் போட்டால் இன்னும் பிளக்கும். கையோடு எடுத்து வந்தால்தான் சரி பண்ண முடியும்.

பொங்கலுக்கு வந்துவிடுகிறேன் என்றான் ராஜவேல். யோசித்ததாகவே தெரியவில்லை.

ஆதிமூலம் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் அவர் காடி முழுக்கப் பசை வைத்திருந்தார். அங்கே குளிருக்கு வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்து போகும், முதல் குளிர்காலத்தைக் கிண்ணம் தாண்டாது. இது தில்லையம்மாளுக்கும் தெரியாது.

ஆனால் அவர் எதிர்பார்த்தது மாசியில். இன்னும் கார்த்திகையே முடியவில்லை. அலமாரியில் வைத்த மரம் இத்தனை சீக்கிரம் காயாது.

"எங்கடா வெச்சிருந்த?"

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டு, அடங்கியது.

"ஹீட்டர் மேலதான்" என்றான் ராஜவேல். "வந்த அன்னைக்கே ஆட்டிப் பாத்தேன். ஆடலியேண்ணா."