அம்மாவின் கைப்பக்குவம்

அப்பாவின் புது மனைவி காபியோடு வந்தபோது, பல் டாக்டரான மகள் மூஞ்சியைத் தயாராக வைத்திருந்தாள்.

பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்த மூஞ்சி. ஒரு வாய் குடிப்பது. புருவத்தை லேசாகத் தூக்குவது. "பரவால்ல" என்று சொல்லி டம்ளரைத் தள்ளி வைப்பது. அந்த ஒரு "பரவால்ல" போதும், வந்தவளுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது.

வந்தவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அம்மா போய் ஒரு வருஷம் கழித்து, அப்பா இந்த வயதில் கார் பழகப்போகிறேன் என்று கிளம்பினார். கார் வரவில்லை. டீச்சர் வந்துவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. "சித்தி" என்று கூப்பிட வாய் வரவில்லை. "ஆன்ட்டி" என்றால் பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்டு வந்தவள் மாதிரி இருக்கிறது. காலையிலிருந்து "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டில் காபி என்றால் அம்மாதான்.

அம்மாவின் சமையலை வாயில் வைக்க முடியாது. அதை அம்மாவே ஒத்துக்கொள்வாள். ஆனால் காபித் தட்டோடு அவள் கூடத்துக்கு வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களெல்லாம் கப்சிப்.

முதல் வாய் கசக்கும். நாக்கு கோபித்துக்கொள்ளும். கலக்காமல் விட்ட சர்க்கரை அடியிலேயே கிடந்து, கடைசி வாயில் வந்து சமாதானம் பேசும்.

இதில் பெரிய வாழ்க்கைத் தத்துவமே இருக்கிறது என்பாள் அத்தை. அம்மா மறுக்கமாட்டாள். சிரித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுவாள்.

மகள் டம்ளரை எடுத்தாள். ஒரு வாய்.

புருவத்தைத் தூக்க மறந்துபோனாள்.

இன்னொரு வாய். அப்புறம் வெட்கமில்லாமல் மடமடவென்று கடைசிச் சொட்டுவரை. அடியில் சர்க்கரை.

கண் கலங்கியது. கலங்கியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் பீரோ போயிற்று, அம்மாவின் கட்டில் போயிற்று, அம்மாவின் புருஷனே போயாயிற்று. கடைசியில் காபியுமா?

"இது எங்கம்மா காபி. யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

வந்தவள் மிரண்டுபோனாள். கார் பழக வந்தவர்கள் நேராகச் சுவரில் கொண்டுபோய் விட்டாலும் மிரளாதவள்.

"ஐயோ, எனக்கு வெந்நீர்கூட ஒழுங்கா வைக்க வராதும்மா. உங்கப்பா போட்டதுதான். சர்க்கரையைக் கலக்குங்கன்னா அதுக்கும் சோம்பேறித்தனம்."

சமையலறை வாசலில் அப்பா. தோளில் கரித்துணி. முகத்தில் திருட்டு முழி.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும், மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினாள். இனிமேல் எனக்கு யாருப்பா அந்த மாதிரி காபி போட்டுத் தருவா?

அப்பா எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளரோடு வந்தார்.

"உங்கம்மா போட்டு வச்சிருந்ததும்மா. இதான் கடைசி. குடிச்சிடு."

ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

நாக்கு பொத்துப்போகிற அளவுக்குச் சூடாக இருந்தது.