நகப்பூச்சுக் கண்

அக்டோபர் சாயங்காலம். காற்றில்லாத ஏரி. கரையில் ஆர்வின் வீட்டுச் சமையலறை ஜன்னல் விளக்கில்லாமல் தெரிகிறது. மஸ்கி மீனுக்காக முப்பது வருடம் கனடா வரை வண்டி ஓட்டியவர், மனைவி மார்லிஸ் இறந்த பிறகுதான் வீட்டெதிர் ஏரியில் படகை இறக்கியிருக்கிறார். இழுத்த தூண்டிலின் மரப் பொய்மீன் படகோரம் வந்ததும் கம்பின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி எட்டு வடிவில் சுழற்றுகிறார். பின்னாலேயே வரும் மஸ்கி அந்த வளைவில்தான் கடிக்கும். இரண்டாவது வளைவில் கம்பு திமிறுகிறது. மைத்துனன் டுவேன் வலையில் ஏந்துகிறான். நாலடி மீன். அதன் தாடையில் இன்னொரு பொய்மீன் தொங்குகிறது, பாசி படிந்து, கண் மட்டும் சிவப்பாக. மார்லிஸ் நகப்பூச்சால் வைத்த கண். "இந்த ஏரியில பெருசு ஒண்ணு நரம்பை அறுத்துட்டுப் போச்சுன்னு போன வருசம் அக்கா சொல்லுச்சே மச்சான். நீங்க நம்பாம கனடாவுலேர்ந்து போன்ல சிரிச்சீங்க." ஆர்வின் குறடால் இரண்டையும் கழற்றுகிறார். மீனுக்கு மூச்சுத் திரும்பட்டுமென்று, எல்லோரும் செய்வதுபோல, வாலைப் பிடித்து நீரில் நிறுத்துகிறார். வால் பலமாக உதறுகிறது. "தெளிஞ்சிருச்சு, விடுங்க." குளிரில் சிவந்த விரல்கள் இறுகுகின்றன. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்டா," என்கிறார், ஜன்னலைப் பார்த்தபடி.