அரைக்கம்பத்தில் கொடி

நூறாண்டு தாண்டிய அந்தக் கல்லூரியில், ஆசிரியர் யாராவது காலமானால் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். இன்று பறந்தது. யாருக்காக என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரங்கல் செய்தி போட வேண்டிய கல்லூரிச் செய்திமடலின் ஆசிரியைக்குத் தலை வெடித்தது. போன் ஓய்ந்தபாடில்லை.

"பெரியவர் போயிட்டாராமே?" என்றார் கணக்குப் பேராசிரியை.

"எந்தப் பெரியவர் மேடம்?"

"நம்ம பழைய பிரின்சிபால்தான். தொண்ணூறு தாண்டியாச்சே!"

சந்தேகம் தீர, அவர் வீட்டுக்கே போன் போட்டாள். எடுத்தவர் அவரேதான்.

"என்னம்மா, நான் இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்கிறியா? வாசல்ல ரெண்டு பேர் மாலையோட நிக்கிறாங்க. வாங்கிப் போட்டுக்கவா?"

மன்னிப்புக் கேட்டு போனை வைப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதற்குள் மாணவர்கள் விடுமுறை என்று தாங்களே முடிவுகட்டி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள்.

கொடியேற்றும் பியூன் டீ பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். அவள் பொரிந்து தள்ளினாள்.

"யாரைக் கேட்டுண்ணே கொடியைப் பாதியில கட்டினீங்க? ஊரே எழவு விசாரிக்குது!"

"நீங்கதாம்மா, கொடி அழுக்கா இருக்கு, கழட்டித் துவைக்கப் போடுங்கன்னீங்க. பாதி இறக்கும்போது, 'அதை அப்படியே விடுங்க, முதல்ல டீ வாங்கிட்டு வாங்க'ன்னு ஜன்னல்லேர்ந்து கத்தினீங்க. கேன்டீன்ல பால் இல்ல. கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன்."

அவள் ஜன்னல் வழியே கொடிக்கம்பத்தை எட்டிப் பார்த்தாள்.

டீயை ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "இப்ப மீதியை இறக்கவா, இல்ல மேலேயே ஏத்திடவா?"