ஜூனா, ஆகஸ்ட்டா?

“எது ஆத்தா நல்ல மார்க்கு? ஜூனா, ஆகஸ்ட்டா? அதை மட்டும் சொல்லு. அனுப்பிட்டு ஒக்கூர் பஸ்ஸைப் பிடிப்போம்.”

தங்கச்சாமி கேட்டது மகளிடம். பார்த்தது நெட் சென்டர் வாசலில் கழற்றிப் போட்டிருந்த தன் செருப்பை.

சந்திரலேகா குனிந்து பார்த்தாள். மடியில் நோட்டு விரிந்திருந்தது. பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஜூன், அந்தப் பக்கம் ஆகஸ்ட் என்று எழுதியிருந்தாள். ஜூனில் கணக்கு 165, ஆங்கிலம் 149. ஆகஸ்ட்டில் கணக்கு 158, ஆங்கிலம் 155. கூட்டினால் 314, 313. ஒரு வாரமாகக் கூட்டிக்கொண்டேயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு அது; ஒவ்வொரு பாடத்துக்கும் 170 மார்க். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களின் சங்கம், அங்கே வந்து படிக்கிற செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு மார்க் சீட்டைத்தான் வாங்கிக்கொள்வார்கள். இன்று மாலை ஆறு மணி கடைசி. விட்டால், அடுத்த அறிவிப்பு மூன்று வருடம் கழித்துத்தான்.

மூன்று வருடம்! பி.இ. முடித்துவிட்டு ஜவுளிக்கடை பில் கவுண்டரில் இரண்டு வருடம் உட்கார்ந்தாயிற்று. அந்த ஸ்டூலில் இன்னும் மூன்று வருடம் என்பதைச் சந்திரலேகாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“ரெண்டையும் ஏத்திவிட்டா என்னண்ணே?” சென்டர் நடத்தும் முத்தரசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“போன்ல கெஞ்சிப் பார்த்துட்டேன்ப்பா. ரெண்டாவது ஒண்ணு வந்தா ரெண்டையும் தள்ளிருவோம்னு கறாராச் சொல்லிட்டாக.”

“அப்ப ஜூனை அனுப்புங்க” என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை துர்காதேவி. “கம்ப்யூட்டர் படிப்புக்குக் கணக்கைத்தான் பார்ப்பாக. நூத்தி அறுபத்தஞ்சைக் கையில வச்சுக்கிட்டு யாராச்சும் யோசிப்பாகளா?”

“ஆறு மாசம் சாயங்கால வகுப்புக்குப் போயும் இங்கிலீஷ் 149டி. வாசல்லயே நிறுத்திருவாக” என்றாள் சந்திரலேகா.

“நீ என்ன அங்குட்டுப் போயிப் பட்டிமன்றமா பேசப் போற?”

“ஆகஸ்ட்டு ரெண்டு பக்கமும் சமமா இருக்குல்ல?”

“சமமா இருந்தாத் தராசுக்கு நல்லது. மார்க்குக்கு எதுக்குக்கா?”

“ஒரு மார்க்குதானடி வித்தியாசம்.”

“ஒரு மார்க்குன்னாலும் கூடத்தானே? ஸ்கேல் வச்சுக் கோடு போடத் தெரியுது, எது பெருசுன்னு தெரியலையா?”

முத்தரசு சிரித்தான். “இங்க வந்து பெயிலான புள்ளைக அழுது பார்த்திருக்கேன். நல்ல மார்க்கு வாங்கிட்டு இழவு வீடு மாதிரி நிக்கிறது நீங்கதான்.”

தங்கச்சாமி மார்க் சீட்டுகள் இருந்த கவரை அவன் மேசைமேல் வைத்தார்.

ஜூன், ஆகஸ்ட் என்று முதலில் சொல்ல ஆரம்பித்தவர் அப்பாதான். அன்றிலிருந்து வீட்டில் அப்படியே ஆகிவிட்டது. அம்மாகூடச் சோறு போடும்போது, “ஜூனுதான் போகுதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

“அப்பா, நீங்க சொல்லுங்க. எதைச் சொல்றீகளோ அதை அனுப்பிருவோம்.”

“எங்கிட்டக் கேக்காதத்தா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். “நீதான் எதையும் கூட்டிக் கழிச்சுப் பார்க்கிறவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

அதுதான் அவளுக்குப் பயம். ஜூன் என்று சொன்னால், அது கணக்குப் பார்த்துச் சொன்னதா, ஆசைப்பட்டுச் சொன்னதா? ஆகஸ்ட் என்றால், அது நியாயமா, கோழைத்தனமா? நோட்டில் எத்தனை கோடு போட்டாலும் அதற்கு விடை கிடைக்கப்போவதில்லை. எதைச் சொன்னாலும் இன்று ராத்திரி அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மணி ஐந்து ஐம்பது.

“அண்ணே, நெட்டு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இப்ப ஏத்தலைன்னா ரெண்டுமே போகாது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“ஆகஸ்ட்” என்றாள் சந்திரலேகா.

“அக்கா, வேணாம்!” துர்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “உனக்கென்ன பைத்தியமா? ஜூனை அனுப்புக்கா! அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா!”

தங்கச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஆகஸ்ட்தாண்ணே. ஏத்துங்க.”

முத்தரசு கவரைப் பிரித்து, ஆகஸ்ட் சீட்டை உருவி ஸ்கேனரில் வைத்தான். விளக்கு ஒரு முறை ஓடி நின்றது. விண்ணப்பத்தின் முதல் கட்டத்துக்கு வந்தான்.

“படிக்கப் போறவுக பேரு?”

ஒரு வாரமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை சந்திரலேகா நிதானமாகச் சொன்னாள்.

“துர்காதேவி. தகப்பனார் பேரு தங்கச்சாமி.”

பிறகு தன் பெயர் அச்சாகியிருந்த ஜூன் சீட்டை எடுத்து நோட்டுக்குள் வைத்து மூடினாள். ஊர்க் கோயில் வரியைப் போலத்தான் சங்கத்து உதவியும், தலைக்கட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒரு பிள்ளை.