பால் ஏன் பொங்குகிறது?

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பால் மட்டும் ஏன் பொங்குது?" என்று சமையலறைச் சுவரைக் கேட்டார் தணிகாசலம். ஊரிலுள்ள எல்லாச் சுவர்களையும் போல அதுவும் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லும்.

"புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படிகின்றன. கீழே சிக்கிய நீராவி அதைத் தூக்குகிறது."

அவர் ரசித்துக் கேட்டு முடிப்பதற்குள் பால் பொங்கி மேடை முழுக்க வழிந்தது. மனைவி வசுமதி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"உங்களுக்கு அறிவிருக்கா?"

"அறிவை அளக்கச் சரியான அளவுகோல் இல்லை" என்றது சுவர்.

"உன்னை நான் கேட்டேனா?"

"கேட்டீர்கள்."

ஒரு சண்டையைக்கூட உருப்படியாகப் போட விடாது இந்தச் சுவர். வசுமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

"கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டீர்கள். கல்யாணமான புதிதில். படம் இருக்கிறது."

அன்று சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, சுவரே இல்லாத அந்த வெட்டவெளியில், அவர் அவளுக்குப் பறவைகளைப் பற்றி விளக்கிக்கொண்டே நின்றார். வசுமதி சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

"பூநாரை ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?"

"அவை தின்னும் பாசியில்..." என்று தொடங்கியது சுவர்.

"நீ சும்மா இரு. நான் அவரைக் கேட்டேன்."