பக்கத்து மைக்

"என் மாத்திரையை நீதானே எடுத்தே?"

மூக்கடைத்த குரலில் கேட்டாள், படத்தின் நாயகிக்கு டப்பிங் பேசுகிறவள்.

"ஆமா. குப்பைத்தொட்டியில போட்டுட்டேன்" என்றாள் தோழிக்குப் பேசுகிறவள், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

டப்பிங் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்று கிளைமாக்ஸ். நாயகி அழுது தீர்க்க வேண்டும். நாயகிக்குப் பேசுகிறவளின் குரல் தேறாவிட்டால் வாய்ப்பு யாருக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எட்டு வருடமாக அடுத்தடுத்த மைக். ஒருத்திக்குக் காதல், கண்ணீர், கைத்தட்டல். இன்னொருத்திக்கு "வாடி, நேரமாச்சு" மட்டும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அதைப் போட்டாத்தான் எனக்கு மூக்கே திறக்குது. காலையிலேருந்து அதை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். அவ்வளவு பொறாமையாடி உனக்கு?"

"பொறாமைதான். இல்லேன்னு எப்பவாவது சொன்னேனா?"

"நல்லா இருக்கு நியாயம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஒலிப்பதிவாளர்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. நாயகி வசனத்தை நீங்களே பேசிடுங்கம்மா" என்றார் தோழிக்குப் பேசுகிறவளிடம்.

நினைத்ததைச் சாதித்துவிட்டாள்! எல்லோரும் அவள் முகத்தில் சிரிப்பைத் தேடினார்கள்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"நான் பேசலை சார். முதல்ல இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எனக்கென்ன? வெறும் சளிதானே?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா இல்லையா? உண்மையைச் சொல்லு."

நாயகிக்குப் பேசுகிறவளின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. படபடப்பைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"பி.பி.க்கு மருந்து சாப்பிடுறவ நீ. பி.பி., இதயக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம போடக்கூடாதுன்னு அந்த டப்பாவிலேயே போட்டிருக்கு. கடையில சும்மா குடுக்கிறான்னு மிட்டாய் மாதிரி முழுங்கிக்கிட்டிருக்கே."

"படபடப்பு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ எங்கே தடுமாறுவேன்னு எட்டு வருஷமா உன் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்டி. இன்னிக்கு ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை உனக்கு மூச்சு வாங்குது. உன்னை ஆஹா ஓஹோன்னு புகழ்றவங்கள்ல ஒருத்தராவது அதைக் கவனிச்சாங்களா?"